கலப்பைத் தட்டில் கறி

டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இன்று வெயில் கொளுத்துகிறது, பக்கத்து வீட்டு மெக்சிகோக்காரர் புழக்கடையில் அடுப்பு பற்ற வைத்துவிட்டார். மேலே ஏறியிருப்பது சட்டிக் கலப்பையின் தட்டு. ஆமாம், டிராக்டருக்குப் பின்னால் மண்ணைப் புரட்டுமே, அதேதான்!

நடுத்துளையை இரும்புத் துண்டு வைத்து வெல்டிங் செய்து, கிரைண்டரில் தேய்த்திருக்கிறார். அடுப்பில் ஏற்றுமுன் விரலால் தடவிப் பார்த்தேன், பற்று வைத்த இடமே பிடிபடவில்லை. கைப்பிடிக்கு இரண்டு குதிரை லாடம். துருவைச் சுரண்டி, எண்ணெய் தடவிக் காய்ச்சிக் காய்ச்சி தோசைக்கல் மாதிரி பழக்கி வைத்திருக்கிறார்.

முதலில் பன்றிக் கொழுப்பு உருக வேண்டும். அந்த நெய்யிலேயே சொரிசோ என்கிற காரமான பன்றித் தொத்திறைச்சி, மாட்டிறைச்சி, வெங்காயம், மிளகாய், தக்காளி என்று ஒவ்வொன்றாக இறங்கும், கடைசியில் ஒரு பீரையும் ஊற்றுவார். நடுவில்தான் சூடு அதிகம், வெந்ததை ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் ஆறாமலும் கருகாமலும் கிடக்கும்.

இதை டிஸ்காடா என்கிறார்கள், வட மெக்சிகோ பண்ணை ஆட்களின் சாப்பாடு.

சாப்பாட்டுத் தட்டு கிடையாது, வரிசை கிடையாது. சுற்றி நின்று டார்ட்டியா என்கிற மெல்லிய ரொட்டியில் அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். கடையில் பளபளவென்று விற்கிற கிரில்லை வைத்துக்கொண்டு இப்படி நெருக்கியடித்து நிற்க முடியுமா, தெரியவில்லை.

ஊரில் அப்பா எடைக்குப் போட்ட கலப்பைத் தட்டுகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.