தவக்காலக் குறிப்புகள்

05.03.2025, திருநீற்றுப் புதன்

சாம்பல் பூசிக்கொண்டு திரும்பினேன். ஆலயத்தைத் துப்புரவு செய்யும் அக்காவின் சம்பள பாக்கியைப் பற்றிக் கேட்டேன். எங்கள் ஆலயத்தின் பங்குப் பேரவைச் செயலர் பேச்சைத் தவிர்த்துவிட்டார்.

07.03.2025, வெள்ளி

முதல் வாசகம் எசாயா 58. நோன்பு நாளிலேயே வேலையாள்களை ஒடுக்குகிறவர்களிடம், கொடுமையின் கட்டுகளை அவிழ்ப்பதும் பசித்தவரோடு உணவைப் பகிர்வதுமே தமக்கு உகந்த நோன்பு என்று கடவுள் சொல்லும் இப்பகுதியைத் தவக்காலத்தின் நுழைவாயிலிலேயே வைத்தவர்கள், எங்களைப் போன்றவர்களை நன்கு அறிந்திருக்க வேண்டும். வாசித்தவன் நான். நாங்கள் அமர்ந்திருந்த இருக்கைகளை விடியுமுன் துடைத்து வைத்த அக்காவுக்குச் சென்ற ஆண்டின் சம்பள பாக்கி இன்னும் வரவில்லை. வாசித்து முடித்து, "இது ஆண்டவரின் அருள்வாக்கு" என்றபோது என் குரல் கம்மியது.

12.03.2025

சம்பள பாக்கி பற்றிச் செயலரிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

16.03.2025, ஞாயிறு

தவக்கால உண்டியலிலிருந்து அந்த அக்காவுக்கு ஏதாவது உதவலாமே என்கிறார் ஒரு பெரியவர். நல்ல மனிதர்தான், ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. கொடுக்க வேண்டிய கூலியைப் பிச்சையாக மாற்றிக் கொடுத்தால், கடன்பட்டவர் வள்ளலாகிவிடுகிறார், உழைத்தவர் கைகட்டி நிற்கிறார். உரிய கூலியை மறுப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பெருங்குற்றம் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதியபோது, யாக்கோபு 5:4ஐத்தான் சான்றாகக் காட்டினார். எங்கள் பேரவையில் அம்மடலைப் புகழாதவர் இல்லை.

24.03.2025, திங்கள்

புனித ஆஸ்கர் ரொமேரோவின் நினைவு நாள். எல் சால்வதோர் நாட்டின் சான் சால்வதோர் பேராயரான அவர் தம் ஞாயிறு மறையுரைகளில் கொல்லப்பட்டோர், காணாமற்போனோர் பெயர்களை வாசித்தார். வானொலி வழியே நாடே கேட்டது. 1980 மார்ச் 23 அன்று, மக்களைக் கொல்லும் கட்டளைக்குப் பணிய வேண்டாம் எனப் படைவீரர்களை வேண்டினார். மறுநாள் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். 2018இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். வழிபாட்டில் அரசியல் பேசலாமா என்று கேட்பவர்களிடம் எனக்கு வாதம் ஏதுமில்லை. அந்தப் பெயர்களை வேறு எங்கே வாசித்திருக்க வேண்டும் என்று மட்டும் கேட்பேன்.

13.04.2025, குருத்து ஞாயிறு

பவனியில் அக்காவும் நடந்தார். பிறகு ஓலைகளை வாரியதும் அவர்தான்.

17.04.2025, புனித வியாழன்

இரவுத் திருப்பலியில் 1 கொரிந்தியர் 11, வசனம் 23 முதல் வாசிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னே, ஒருவர் பசித்திருக்க மற்றவர் குடிவெறியில் இருக்கும் கூட்டம் உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் கண்டிக்கும் வரிகள் வாசகத்தில் இல்லை. வீட்டில் எடுத்து வாசித்தேன். நற்கருணையை நாங்கள் எப்படிக் கொண்டாடுகிறோம் என்பதற்கு இதைவிடக் கடுமையான தேர்வு இருக்க முடியாது.

19.04.2025, சனி

உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிறகு பேரவை கூடுமாம். நிகழ்ச்சிநிரலில் ஒலிபெருக்கி முதலில், சம்பள பாக்கி கடைசியில். வரிசையை மாற்றக் கேட்டுச் செயலருக்கு மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.