ஆங்கிலத்தில் ஏறிய கட்டுமரம்

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் படித்த காலத்தில் எங்கள் ஆங்கில ஆசிரியர் ஒருநாள் கரும்பலகையில் ‘கேட்டமரான்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். பூனைக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று முன்பெஞ்சுக்காரர்கள் யோசிக்க, கடைசி பெஞ்சில் இருந்த மீனவர் வீட்டுப் பையன்களைப் பார்த்து, “உங்கள் அப்பா ஏறுவதுதானடா இது, எழுந்து சொல்லுங்கள்” என்றார்.

சோழமண்டலக் கரையில் கட்டுமரத்தைக் கண்ட வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி, 1697இல் வந்த தம் பயண நூலில் அதன் பெயரை எழுதிவைத்ததாக ஆசிரியர் சொன்னார். ஏறியிருப்பவனின் கால் எப்போதும் தண்ணீரில்தான் என்று டாம்பியர் வியந்திருந்தாராம். கடைசி பெஞ்சுக்கு அது வியப்பாகவே இல்லை.

அன்று பாடம் நடத்தியது வாலிநோக்கம் பக்கத்துப் பையன் ஒருவன்தான். பாக் நீரிணைப் பக்கமான வடகடல் குளம்போல் கிடக்கும், அங்கே வல்லம், வத்தை என்ற நாட்டுப் படகுகளே போதும். கட்டுமரத்தின் அருமை மன்னார் வளைகுடாப் பக்கமான தென்கடல் அலையில்தான் தெரியும் என்றான். லேசான மரங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்குவார்கள். அணியம் என்ற முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். அலை மேலேறினாலும் இடுக்கு வழியே வடிந்துவிடும். குழிவே இல்லாததில் தண்ணீர் எங்கே நிரம்பும்? கரை வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் காயவைக்க வேண்டும். ஊறிய மரம் கனத்துப்போகும்.

இங்கே சிட்னியில் பரமட்டா ஆற்றில் ஓடும் இரட்டை உடல் ஃபெரிப் படகைக் காட்டி, “இது நம் கட்டுமரம்” என்று நம் சங்கத்து நண்பர்கள் மார்தட்டுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். இரண்டு உடலை இணைத்துக் கடலோடியவர்கள் பசிபிக் தீவினர். 1876இல் ஹெரஷாப் என்ற அமெரிக்கர் அப்படியொரு பாய்ப்படகு கட்டி, நியூயார்க்கில் நடந்த பந்தயத்தில் முந்தினார். தோற்றவர்கள் முறையிட, வெற்றி பறிக்கப்பட்டது. அந்த வகைப் படகுக்கு நம் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். நம்மவர் திறமை வேறு: கப்பலுக்குரிய வயிறே இல்லாமல் கடலுக்குப் போனது.

சென்ற முறை ஊருக்குப் போனபோது கரையில் பைபர் படகுகள்தான் வரிசையாக நின்றன. பாம்பனில் ஒருவர் தெர்மாகோல் அட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவையில் துடுப்போடு கிளம்பிக்கொண்டிருந்தார். மரத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். “அந்த விலைக்கு எங்கே போவது தம்பி, இதுவும் மிதக்கத்தானே செய்கிறது” என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்.