டிவி டிஜிட்டலுக்கு மாறியபோது நேயர்களின் போனை எடுக்க நாங்கள் தயாரான விதம்

2009 ஜூன் 12, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் முழு மின்திறனில் ஒளிபரப்பிய தொலைக்காட்சி நிலையங்கள் அனலாக்கை அன்றோடு நிறுத்தின. அப்போது நான் பிலடெல்பியா வட்டாரத்தில் ஒரு நிலையத்தின் பொறியியல் பிரிவில் வேலை பார்த்தேன். நேயர்கள் போன் செய்தால் யார் எடுப்பது, என்ன கேட்பது, என்ன சொல்வது என்று திட்டம் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நம்மூரில் செட்-டாப் பாக்ஸ் என்றால் கேபிள்காரர் வந்து மாட்டிவிட்டுப் போவார். இங்கே விஷயம் வேறு. கேபிளோ டிஷ்ஷோ இல்லாமல் ஆன்டெனாவில் மட்டும் பார்ப்பவர்கள்தான் மாற வேண்டியிருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டுக்கு வந்து மாட்டித்தர ஆள் கிடையாது. அரசு ஒரு வீட்டுக்கு 40 டாலர் கூப்பன் இரண்டு வரை கொடுத்தது. டிஜிட்டல் சிக்னலைப் பழைய டிவியில் காட்டும் கன்வர்ட்டர் பாக்ஸைக் கடையில் வாங்கி அவர்களே மாட்டிக்கொள்ள வேண்டும். வயதானவர்கள், தனியாக இருப்பவர்கள், ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் இதில் நிறைய. அவர்களுக்கு டிவிதான் செய்தி, புயல் எச்சரிக்கை எல்லாம். அதனால் போனில் கிடைக்கும் உதவியை ஒரு சடங்காக நடத்த எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலில் நான் தேடிப் படித்தது வடக்கு கரோலினாவின் வில்மிங்டன் அனுபவத்தை. 2008 செப்டம்பர் 8 அன்று அந்த ஊர் நாட்டுக்கே முன்னோட்டமாக டிஜிட்டலுக்கு மாறியது. மாற்றம் வரப்போகிறது என்று அங்கே கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் போன்கள் வந்தன. பாக்ஸ் வாங்கிவிட்டார்கள், மாட்டியும்விட்டார்கள், சேனல் வரவில்லை என்பதுதான் பலருடைய குறை. அங்கே 6-ம் எண் சேனலின் பழைய அனலாக் சிக்னல் வெகுதூரம் போய்க்கொண்டிருந்தது. புதிய டிஜிட்டல் சிக்னலின் எல்லை அதைவிடச் சிறியது. விளிம்பில் இருந்தவர்கள் ஒரே நாளில் அந்தச் சேனலை இழந்தார்கள். இதைப் படித்ததும் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. ‘டிஜிட்டல் மாற்றம் என்றால் என்ன’ என்று விளக்கும் தாள் போன் எடுப்பவருக்குத் தேவையில்லை. எதை முதலில் கேட்பது, எதை அடுத்துக் கேட்பது என்ற வரிசைதான் தேவை.

அந்த வரிசையைப் பல முறை மாற்றி எழுதினோம். கடைசியில் முதல் கேள்வி இப்படி நின்றது: ‘ஒரு சேனல் வரவில்லையா, எந்தச் சேனலுமே வரவில்லையா?’ எதுவுமே வரவில்லை என்றால் பெரும்பாலும் இணைப்பில்தான் கோளாறு. ஆன்டெனா வயர் பாக்ஸுக்குள் போகிறதா, பாக்ஸிலிருந்து வேறொரு வயர் டிவிக்கு வருகிறதா, டிவி 3-ம் சேனலில் அல்லது 4-ம் சேனலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். சில சேனல் மட்டும் போய்விட்டது என்றால் ரீஸ்கேன், அதாவது சேனல்களைப் பாக்ஸ் மறுபடி தேடச் செய்வது. அப்புறமும் வரவில்லை என்றால் ஆன்டெனா. முகவரியின் ஜிப் கோடு (நம்மூர் பின்கோடு மாதிரி), ஆன்டெனா வீட்டுக்குள்ளா கூரையிலா என்ற இரண்டையும் எல்லா அழைப்பிலும் குறிக்கச் சொன்னோம். போன் எடுக்க வந்த தன்னார்வலர்கள் முதலில் இதைச் சுமையாக நினைத்தார்கள். பின்னால் எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது அந்தக் குறிப்புதான்.

பயிற்சி நாளில் மேசைமேல் பழைய டிவி, வெவ்வேறு கம்பெனிகளின் பாக்ஸ்கள், ரிமோட்கள் எல்லாம் வைத்தோம். ஒவ்வொருவரும் தன் கையாலேயே வயரைப் பிடுங்கி, மாட்டி, ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். போன் எடுப்பவர் அதை ஒரு தடவையாவது செய்திருந்தால்தான் ‘இப்போது திரையில் என்ன தெரிகிறது?’ என்று பொறுமையாகக் கேட்க முடியும். ஸ்பானிஷ் பேசுபவர்கள் எல்லா ஷிப்ட்டிலும் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மாற்றம் முதலில் பிப்ரவரி 17 என்றுதான் இருந்தது. ஜனவரியில் கூப்பனுக்கு ஒதுக்கிய பணம் வரம்பைத் தொட்டுவிட, லட்சக்கணக்கானோர் காத்திருப்போர் பட்டியலில் நின்றார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தேதியை ஜூனுக்குத் தள்ளியது. ஷிப்ட் அட்டவணை முழுவதையும் கலைத்துப் போட வேண்டியிருந்தது. ஆனால் தள்ளிவைத்தது நல்லதே. மே 21-ல் நாடெங்கும் நிலையங்கள் அனலாக்கைச் சில நிமிடம் நிறுத்திச் சோதித்துப் பார்த்தன. அன்று வந்த அழைப்புகளை வைத்து எங்கள் கேள்வித்தாளில் பாதியை வெட்டினோம்.

ஜூன் 12 அன்று, ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான எஃப்.சி.சி.யின் தேசிய உதவி எண்ணுக்கு மட்டும் 3 லட்சத்துக்கும் மேல் அழைப்புகள். எங்கள் லைன்களும் ஓயவில்லை. முதல் கேள்வி தன் வேலையைச் செய்தது. ரீஸ்கேன் செய்ததுமே பலருக்குச் சேனல்கள் வந்துவிட்டன.

ரீஸ்கேன் செய்தும் வராதவைதான் எங்களை உட்கார விடவில்லை. காரணம் இது: 52-ம் எண்ணையும் அதற்கு மேற்பட்ட அலைவரிசைகளையும் அரசு வேறு பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டது. அங்கே தற்காலிகமாக டிஜிட்டல் ஒளிபரப்பு நடத்திய சில நிலையங்கள் அன்று தங்கள் பழைய வி.எச்.எஃப். எண்ணுக்கே (2 முதல் 13 வரையிலான சேனல்கள்) திரும்பின. பிலடெல்பியாவில் 6-ம் எண் 64-லிருந்தும், 12-ம் எண் 55-லிருந்தும் வந்தன. சிகாகோவில் 7-ம் எண்ணுக்கும் இதே கதை. சில பாக்ஸ்கள் நினைவில் இருந்த பழைய இடத்தையே பிடித்துக்கொண்டு புதியதைத் தேட மறுத்தன. அதோடு, கடையில் டிஜிட்டல் ஆன்டெனா என்று விற்றவற்றில் பல யு.எச்.எஃப்.புக்கு, அதாவது 14-ம் எண் முதலான சேனல்களுக்கு மட்டுமே ஏற்றவை.

மாலையில் நான் எடுத்த ஓர் அழைப்பு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மூதாட்டி. “மற்றதெல்லாம் வருகிறது, ஆறு மட்டும் வரவில்லை. நாற்பது வருஷமாக அதில்தான் செய்தி பார்க்கிறேன்” என்றார். ஆன்டெனா வயரைக் கழற்றச் சொன்னேன். கழற்றியபடியே ஸ்கேன் செய்யச் சொன்னேன். சேனலே இல்லை என்று காட்டியது. அதுதான் வேண்டும், பழைய நினைவு அழிந்துவிட்டது. பாக்ஸின் பிளக்கை ஒரு நிமிடம் பிடுங்கி வைத்தோம். மறுபடி ஆன்டெனாவை மாட்டி, இரண்டு கம்பிகளையும் முழு நீளத்துக்கு இழுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் நகர்த்தி, இன்னொரு ஸ்கேன். ஸ்கேன் முடியும் வரை போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தோம். ஆறு வந்தது. “இருங்கள், கட் பண்ணாதீர்கள், நிற்கிறதா பார்க்கிறேன்” என்றார். நின்றது.

‘முயன்று பார்த்துவிட்டு வராவிட்டால் மறுபடி கூப்பிடுங்கள்’ என்று சொல்லி வைத்துவிட்டால் அழைப்புகள் வேகமாக நகரும், உண்மைதான். ஆனால் அதே ஆள் திரும்பவும் வரிசையில் நிற்பார், கோபத்தோடு. கூடவே இருந்து முடித்துவைப்பது மொத்தத்தில் நேரத்தை மிச்சப்படுத்தியது என்றே சொல்வேன்.

ஜிப் கோடு குறிப்புகளை வரைபடத்தில் குத்தி வைத்தபோது, சிக்கல் எந்தப் பக்கம் திரள்கிறது என்று பொறியாளர்களுக்குப் பளிச்சென்று தெரிந்தது. வீட்டுக்குள் ஆன்டெனா வைத்திருந்தவர்களின் அழைப்புகள்தான் அதில் மிகுதி. 6-ம் எண்ணுக்கு மின்திறனைக் கூட்டிக்கொள்ள எஃப்.சி.சி. பின்னர் அனுமதியும் கொடுத்தது.

இரண்டு வாரத்தில் அழைப்புகள் குறைந்ததும் லைனை மூடலாம் என்ற பேச்சு வந்தது. கூப்பனுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூலை 31, அதுவரைக்குமாவது திறந்திருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். நியூ ஜெர்சி கடற்கரையில் கோடை வீடு வைத்திருப்பவர்கள் சனிக்கிழமைதோறும் பழைய டிவியைப் போட்டுப் பார்த்து, படம் வராமல் அப்போதுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். அவர்களுக்குக் கூப்பன் வாங்க இன்னும் வழி இருந்தது, அதைச் சொல்ல போனில் ஆளும் இருந்தார்கள்.