பால் இருந்துச்சாம்மா?

மாவட்ட மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் நான் வேலை பார்த்த காலம். முப்பது தாண்டிய ஒரு பெண் இரண்டு வருடமாக என்னிடம்தான் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். மாமியார் கூட்டி வருவார். "எந்நேரமும் போர்த்திக்கிட்டுப் படுத்தே கெடக்கா டாக்டர். பேச்சுமில்ல, சோறுமில்ல." கணவருக்கு வெளியூரில் வேலை, கையில் சின்னக் குழந்தை. மன அழுத்தத்துக்கு வேறென்ன காரணம் வேண்டும்? மன அழுத்த மாத்திரையான ஃப்ளுவாக்ஸெட்டினை 20 மில்லிகிராமில் ஆரம்பித்து 40 ஆக்கினேன். தைராய்டும் பார்த்தாயிற்று, அதைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் நார்மல்.

ஒரு நாள் பிரஷர் பார்த்த ஸ்டாஃப் நர்ஸ், ஓய்வுபெறும் வயதில் இருந்தவர், 90/60 என்று எழுதிவிட்டுச் சும்மா கேட்பதுபோலக் கேட்டார்: "புள்ளைக்குப் பால் இருந்துச்சாம்மா?"

"ஒரு சொட்டுகூட இல்ல சிஸ்டர்."

பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய் நாலு பாட்டில் ஏற்றியது, அதற்கப்புறம் மாதவிலக்கே வராதது எல்லாம் ஐந்து நிமிடத்தில் வந்து விழுந்தன.

ஷீஹன் சிண்ட்ரோம். 1937இல் ஷீஹன் என்ற மருத்துவர் எழுதியது, எம்பிபிஎஸ்ஸில் நான் படித்ததும்தான். மூளைக்கு அடியில், கர்ப்பத்தில் பெரிதாகியிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, பிரசவத்தில் ரத்தம் மிஞ்சிப் போனால் ரத்த ஓட்டமில்லாமல் செத்துப்போகிறது. பால் சுரக்கவும் மாதவிலக்கு வரவும் அதன் ஹார்மோன்கள் வேண்டும். டிஎஸ்எச்சைச் சுரப்பதே அந்தச் சுரப்பிதான். அது பழுதானால், தைராய்டு ஹார்மோன் குறைந்தாலும் டிஎஸ்எச் ஏறாது. நான் நம்பிய 'நார்மல்' அதுதான். தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4, அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசால் இரண்டும் அதலபாதாளத்தில் இருந்தன. சோடியமும் குறைவு, அதில் என் மாத்திரைக்கும் பங்கு இருந்திருக்கலாம். உடனே மெடிசின் வார்டில் சேர்த்தார்கள். முதலில் கார்ட்டிசாலுக்கு ஈடாக ஸ்டீராய்டு, அப்புறம்தான் தைராய்டுக்குத் தைராக்சின். வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து.

சரி, பரிசோதனை ஏமாற்றியது என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் மாமியார் எப்படி, புருஷன் குடிப்பாரா என்றெல்லாம் துருவிய நான், பிரசவம் எப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்பது வயது ஆண் ஒருவர் இப்படிக் குளிர் தாங்காமல் போர்த்திக்கொண்டு வந்திருந்தால் முதல் நாளே மெடிசினுக்கு எழுதியிருப்பேன். (நேர்மாறாகவும் நடக்கிறது. உண்மையான மன அழுத்தத்தோடு "உடம்பெல்லாம் வலி" என்று வரும் பெண்கள் வருடக்கணக்கில் சத்து ஊசி போட்டுக்கொண்டு அலைகிறார்கள்.)

மூன்று மாதம் கழித்துத் தனியாகவே பஸ் ஏறி வந்தார். "அப்ப, ரெண்டு வருசமா சாப்ட்ட மாத்திரை எதுக்கு மேடம்?" என்றார்.

நான்தான் தப்பாகக் கொடுத்துவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து வரிசையில் போய் நின்றார்.