‘நோ’ என்று எழுதிய மூன்று பதில்கள்

இந்தோனேசியாவில், தெற்கு சுலவேசியின் தக்காலார் கடற்கரையில் கடற்பாசி கொள்முதல் செய்யும் நிறுவனம் ஒன்றில் நான் தர ஆய்வாளராக இருந்தபோது, பாசியின் ஈரப்பதத்தை அளப்பதும் மூட்டையில் மணலும் உப்பும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று பார்ப்பதுமே என் வேலை. ஆனால் அந்த ஆண்டுகளை நினைக்கும்போது முதலில் நினைவுக்கு வருவது, கூடுதல் பொறுப்பாக என்னிடம் தரப்பட்ட ஒரு சொற்பட்டியல்தான். புதிதாக வரும் வெளிநாட்டுப் பணியாளர்களுக்காக, மக்காசர் மொழியின் அன்றாடச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் எழுதித் தர வேண்டும் என்றார்கள். இருநூறு சொற்கள் இருந்தால் போதும், இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நானும் நம்பினேன்.

அலுவலகத்தில் எல்லோரும் இந்தோனேசிய மொழியில் பேசுவார்கள். கரையில், நைலான் கயிற்றில் பாசி நாற்றுகளைக் கட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் தமக்குள் பேசுவது மக்காசர் மொழியில். ஏறக்குறைய இருபது லட்சம் பேர் பேசும் மொழி அது. அதன் முதல் பெரிய அகராதியை 1859-இல் மத்தஸ் என்ற அறிஞர் வெளியிட்டார். பொருள் முழுவதும் டச்சு மொழியில் இருந்ததால் எனக்கு அது பயன்படவில்லை. எனவே எழுத்தர் ஒருவர் ஒவ்வொரு சொல்லுக்கும் இந்தோனேசிய இணையைச் சொல்ல, நான் அதை ஆங்கிலமாக்கி எழுதினேன். ‘ஜேனே’’ என்றால் தண்ணீர், ‘ஜுக்கு’’ என்றால் மீன், ‘பல்லா’’ என்றால் வீடு, ‘பஜி’’ என்றால் நல்லது என்று பட்டியல் விரைவாக வளர்ந்தது. (சொல்லின் இறுதியில் நான் இடும் ஒற்றைக்குறி, தொண்டையில் மூச்சு சட்டென்று அறுபடும் ஒலியைக் குறிக்கிறது.) இல்லை என்பதற்கு மூன்று சொற்கள் வந்தன: தேனா, தேயாயி, தேயா. மூன்றுக்கும் எதிரே ‘நோ’ என்று எழுதினேன்.

அந்தப் பிழையின் விலையை நான் கொடுக்கவில்லை. வயதான ஒரு பெண்மணி கொடுத்தார். கொள்முதல் படிவத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. படகுத்துறையில் கிடந்த மூட்டைகளைக் காட்டி, இவை உங்களுடையவையா என்று கேட்டேன். ‘தேயாயி’ என்றார். வீட்டில் காய்ந்த பாசி இருக்கிறதா என்றதற்கு ‘தேனாபா’ என்றார். இன்றைய விலைக்குத் தருவீர்களா என்றதற்கு ‘தேயா’ என்றார். நான் ‘நோ, நோ, நோ’ என்று நிரப்பினேன். படிவத்தைப் படித்த அலுவலகம், இவரிடம் சரக்கும் இல்லை, விற்கும் எண்ணமும் இல்லை என்று முடிவு செய்து, வண்டி நிற்க வேண்டிய வீடுகளின் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கிவிட்டது.

அவர் சொன்னது வேறு. தேயாயி என்பது நம்முடைய ‘அல்ல’: இந்த மூட்டைகள் என்னுடையவை அல்ல, பக்கத்து வீட்டாருடையவை. தேனா என்பது நம்முடைய ‘இல்லை’; அதனோடு ‘பா’ சேர்ந்தால் இன்னும் இல்லை, அதாவது பாசி மூங்கில் பரணில் காய்ந்துகொண்டிருக்கிறது, இனிமேல்தான் வரும். அதே சொல் ‘மோ’ சேர்ந்து தேனாமோ என்று வந்திருந்தால், இருந்தது தீர்ந்துவிட்டது என்று பொருள். கொள்முதல் செய்பவனுக்கு இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வண்டிச் சரக்கு அளவுக்கு வேறுபாடு உண்டு. தேயா என்பது ‘வேண்டாம்’, ‘மாட்டேன்’: இந்த விலைக்குத் தர மாட்டேன், விலை கூடினால் தருவேன். அல்ல, இல்லை, வேண்டாம் என்று நாள்தோறும் பிரித்துப் பேசும் மொழியில் பிறந்த நான், ஆங்கிலத்தில் எழுதுகிறேன் என்பதற்காக மூன்றையும் ஒன்றாக்கினேன். இந்தோனேசிய மொழியிலும் இவை தனித்தனிச் சொற்களே என்பதால் எழுத்தரைக் குறை சொல்லவும் வழியில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்மணி கிடங்கிற்கு வந்தார். வாசலில் உட்கார்ந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவர்களைக் கடக்கும்போது உடலை வளைத்து, வலக்கையை முழங்காலுக்குக் கீழே நீட்டி, ‘தபே’’ என்று மெல்லச் சொல்லிக்கொண்டே நடந்தார். என் பட்டியலில் ‘தபே’’ என்பதற்கு ‘எக்ஸ்க்யூஸ் மீ’ என்று இருந்தது. வளைந்த முதுகும் தாழ்ந்த கையும் இல்லாமல் அந்தச் சொல்லுக்குப் பாதி உயிர்தான் என்பதை அன்று பார்த்தேன். வண்டி வராததால் பாசியை இடைத்தரகரிடம் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். “ஆனா’, இன்னும் இல்லை என்றுதானே சொன்னேன்” என்றார். ஆனா’ என்றால் பிள்ளை. அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் பெயரை மறுபடி சேர்க்கச் சொல்லிவிட்டு, பட்டியலை முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன். இம்முறை எனக்காக நான்காவதாக ஒரு பத்தி வரைந்து, அதில் தமிழில் எழுதினேன். ஆங்கிலம் ‘ரைஸ்’ என்று ஒரே சொல்லால் கடந்துபோகும் இடத்தில் மக்காசர் மொழியில் அசே, பெராசா’, கன்ரே என்று மூன்று உண்டு. எனக்கோ யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, நெல், அரிசி, சோறு. உடன்பிறந்தவரைக் குறிக்கும் ‘சரிபத்தாங்’ என்ற சொல்லுக்குள் வயிறு எனப் பொருள்படும் ‘பத்தாங்’ இருக்கிறது. சகோதரன் என்பதிலும் ‘உதரம்’ என்ற வயிறுதான் இருக்கிறது. ‘கத்தே’ என்பது கேட்பவரையும் உட்படுத்திய ‘நாம்’. ஆனால் மரியாதைக்குரியவரை ‘நீங்கள்’ என்பதற்கும் அதே சொல்தான். என் ஆங்கிலப் பத்தியில் இது முரண்பாடாகத் தெரிந்தது. எங்கள் தென்மாவட்டங்களில் முன்பின் அறியாத பெரியவரிடம் “நமக்கு எந்த ஊரு?” என்று கேட்பது நினைவுக்கு வந்ததும் முரண்பாடு மறைந்தது.

நலம் கேட்டால் அவர்கள் ‘பஜி’-பஜி’ஜி’ என்பார்கள். அந்த ‘ஜி’யை ‘ஒன்லி’ என்று எழுதியிருந்தேன். படிப்பவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பதில் உள்ள ‘தான்’ கிட்டத்தட்ட அதன் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

தமிழ் எல்லா இடத்திலும் உதவியது என்று சொல்லமாட்டேன். இந்தோனேசிய மொழியில் ‘யார்’ என்று பொருள்படும் ‘சியாப்பா’, மக்காசர் மொழியில் ‘எத்தனை, எவ்வளவு’ என்றாகும். இதை நெட்டுருப் போடுவதைத் தவிர வழியில்லை. ‘பச்சே’ என்ற சொல் இன்னும் கடினம். எரிவு, கடுப்பு என்ற உடல் வேதனையைக் குறித்துப் பிறகு பிறர் துன்பம் கண்டு நம்முள் எழும் வேதனையையும் குறிப்பது அது. ‘கம்பாஷன்’ என்று எழுதியிருந்தேன். அந்தப் பெண்மணிக்கு நட்டம் நேர்ந்த பிறகு, அடுத்த நடவின்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் நால்வர் வந்து, கூலி பேசாமல், அவருடைய கயிறுகளில் நாற்றுக் கட்டிக் கொடுத்ததைப் பார்த்தேன். கருணை என்று எழுதினால் அது மேலிருந்து கீழே வருவதாகிவிடுகிறது; அவர்களுடைய விரல்களில் இருந்தது அது அல்ல.

அன்று அவர்களோடு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு மிகவும் பிடித்த சொல்லும் கிடைத்தது. கயிறு மிதப்பதற்காகக் காலி நெகிழிப் புட்டிகளைக் கட்டுவார்கள். அவற்றைப் ‘பொத்தோலோ’’ என்றார்கள். ல, ர, ச ஆகிய ஒலிகளில் சொல்லை முடிக்க மக்காசர் நா ஒப்பாது. முந்தைய உயிரையே திரும்ப ஒலித்துத் தொண்டையில் நிறுத்திவிடும். சந்தை ‘பாசாரா’’ ஆவதும் அலுவலகம் ‘கந்தோரோ’’ ஆவதும் இப்படித்தான். நாம் காரைக் காரு என்று உகரம் சேர்த்துச் சொல்வதற்கு இது நெருங்கிய உறவு. அந்த நேரம் வானில் விமானம் ஒன்று போக, ஒருவர் அதை ‘கப்பாலா’ அன்ரிபா’’ என்றார். அன்ரிபா’ என்றால் பறப்பது. கப்பாலா’ நம்முடைய கப்பல்; தமிழிலிருந்து மலாய்க்குப் போன அந்தச் சொல் இந்தக் கரையை அடைந்து, இறுதி லகரத்துக்குப் பின் ஓர் அகரத்தை ஏற்றுக்கொண்டு, வானத்துக்கும் ஏறிவிட்டது. கையில் உப்பும் பாசியுமாக இருந்ததால் உடனே எழுத முடியவில்லை. மறந்துவிடாமல் இருக்க மாலைவரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பட்டியல் முடிய ஏழு மாதம் ஆயிற்று. ‘நோ’ என்ற சொல் அதில் தனியாக எங்கும் வரவில்லை. தேயாவுக்கு எதிரே மட்டும் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினேன்: மறுக்கிறார், எந்த நிபந்தனையில் ஒப்புவார் என்று கேட்கவும். நான் ஊர் திரும்பும் முன், புதிதாக வந்த இளைஞர் ஒருவரைத் துறைக்கு அழைத்துப் போனபோது அதே பெண்மணி அவரிடமும் ‘தேயா’ என்றார். இளைஞர் தாளைப் பார்த்தார், பேனாவை மூடிவிட்டு, மரியாதையாக அழைக்கும் சொல்லால், “தாயெங், எவ்வளவு என்றால் தருவீர்கள்?” என்று கேட்டார்.