சனிக்கிழமை ட்யூட்டி

கோயம்புத்தூர்ல ஒரு மேக்கர்ஸ்பேஸ்ல, அதாவது யாரு வேணா வந்து மெஷின்ல சொந்தமா பொருள் செஞ்சு பாக்கற பொதுப் பட்டறைல, ரெண்டு வருஷமா சனிக்கிழமை சாயங்காலம் 4 மணில இருந்து 9 மணி வரைக்கும் வாலன்டியர் சூப்பர்வைசரா நிக்கறேன், சம்பளம் கெடையாது, டீ உண்டு. மத்த நாள்ல ஒரு பம்ப் கம்பெனில ஆட்டோகேட்ல டிராயிங் போடற ஆளு. சூப்பர்வைசர்னு பேருதான் பெருசு, வேலை என்னன்னு பாத்தா ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கணும், கண்ணாடி போட்டிருக்காங்களான்னு பாக்கணும், அப்பறம் சும்மா நிக்கணும். அந்த சும்மா நிக்கறதுதான் எனக்கு வரவே இல்ல.

சேந்த புதுசுல ஒரு ஸ்கூல் பையன் சால்டரிங் அயர்ன புடிச்சு திணறிட்டு இருந்தான், ஈயத்த முனையில உருக்கி அத போர்டு மேல தடவப் பாக்கறான், எப்படி ஒட்டும். குடு தம்பின்னு வாங்கி நானே நாலு ஜாயின்ட் போட்டுக் குடுத்தேன், எல்ஈடி எரிஞ்சுது, சந்தோஷமா போனான். அடுத்த வாரம் அதே பையன், வேற போர்டு, அதே தடவல். கத்துக்கிட்டது ஒண்ணுமே இல்ல, செஞ்சது பூரா நான்ல. அன்னில இருந்து யாராவது சால்டர் பண்ணா என் ரெண்டு கையும் பேன்ட் பாக்கெட்டுக்குள்ள போயிரும். மொதல்ல போர்டுல இருக்கற செம்புப் பேடையும் பார்ட்டோட கம்பிக் காலையும் சேத்து சூடு பண்ணு, அப்பறம் ஈயத்த காட்டு, அதுவே ஓடிப் பரவும்னு வாயால மட்டும் சொல்லுவேன். பொறுமையா இருக்கறது இருக்கே, அப்பப்பா.

அதிகமா வாக்குவாதம் வர்றது லேசர் கட்டர்கிட்டதான். எங்ககிட்ட இருக்கறது 60 வாட் மெஷின், எம்டிஎஃப்ங்கற மரத்தூள் பலகை, பிளைவுட், அக்ரிலிக், அட்டை எல்லாம் வெட்டும், பிவிசி மட்டும் கிட்டவே கொண்டு வரக்கூடாது. காலேஜ் பசங்க என்ன பண்ணுவாங்கன்னா ஸ்டேஷனரி கடைல சன்போர்ட் வாங்கிட்டு நேரா வந்து நிப்பாங்க, நாளைக்கு ரிவ்யூ இருக்குண்ணான்னு. சன்போர்டே பிவிசி நுரை ஷீட்டுதான், லேசர்ல சுட்டா ஹைட்ரஜன் குளோரைடு வரும், ஈரம் பட்டா அது ஆசிட், நம்ம தொண்டையும் போகும் மெஷின் ரெயில் எல்லாம் துருவும் புடிக்கும். இத எத்தன தடவ சொன்னாலும் மூஞ்சிய தூக்கி வெச்சுக்குவாங்க. ஒரு நாள் பேச்சே வேண்டாம்னு ஒரு செம்புக் கம்பிய எடுத்துட்டு வாசலுக்குப் போனேன், டார்ச்சுல பழுக்கக் காச்சி, ஷீட்டு ஓரத்துல ஒரு தொடு, திரும்ப நெருப்புல காட்டினா பளீர்னு பச்சையா எரியுது. பச்சை வந்தா குளோரின் இருக்கு, அவ்ளோதான் டெஸ்ட்டு. அதுவரைக்கும் மொறைச்சுட்டு நின்ன பொண்ணு, ஐயோ செமண்ணா இன்னொருக்கா காட்டுங்கன்னுச்சு. அன்னிக்கு அவங்க ப்ராஜெக்ட்ட 3 மில்லி எம்டிஎஃப்லயே வெட்டி முடிச்சோம்.

இவ்ளோ ரூல் பேசற நான்தான் தீயும் வெச்சேன். ஒரு பையன் 5 மில்லி அக்ரிலிக்ல கியர் வெட்டிட்டு இருந்தான், லேசர் ஓடறப்போ பக்கத்த விட்டு நகரக்கூடாதுங்கறது செவுத்துலயே ஒட்டி வெச்சிருக்கு, எழுதி ஒட்டுனதும் நாந்தான், ஆனா ஷட்டர்கிட்ட டீ வந்துருச்சுன்னு போயிட்டேன். ரெண்டு நிமிஷம் இருக்குமா. காத்து ஊதற ட்யூப் கழண்டிருக்கு போல, திரும்பி வந்தா நாசில் அடியில கட்டைவிரல் உசரத்துக்கு தீ நின்னு எரியுது, பையன் பாட்டுக்கு ஃபோன்ல வீடியோ எடுத்துட்டு இருக்கான். ஸ்டாப்ப தட்டி, ஈரத்துணியப் போட்டு அமுக்குனேன், அணைஞ்சிருச்சு. பக்கத்துலயே தீயணைக்கற கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் இருந்துச்சு, பவுடர் வகையா இருந்து அத அடிச்சிருந்தா தீ அணையும், லென்ஸும் கண்ணாடியும் சேந்து பாழாயிருக்கும். லாக் புக்குல 'கவனக்குறைவு'ங்கற கட்டத்துல என் பேர நானே எழுதுனேன். கை நடுங்கி எழுத்து கோணலா இருக்கும், இப்பவும் புரட்டுனா பாக்கலாம்.

பெரியவர் ஒருத்தர் வந்தார், எழுபது வயசு இருக்கும், வீட்டு கிரைண்டருக்கு பித்தளை புஷ் கடையணும்னு வேட்டி கட்டிட்டு கடைசல் மெஷினான லேத்துகிட்ட போயிட்டார். சுத்தற மெஷின்கிட்ட வேட்டி, துப்பட்டா, கையுறை எதுவும் கூடாது, சிக்குனா ஆளையே இழுத்துரும். "ஐயா, வேட்டியோட விடமாட்டோமுங்க"ன்னேன். "தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் லேத்துல நின்னவன்"னார். எனக்கு கூச்சமாப் போச்சு. 1937லயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரமும் எலக்ட்ரிக் மோட்டார் செஞ்ச ஊரு இது, சந்துக்கு சந்து பட்டறை, இங்க வந்து ஆட்டோகேட்காரன் ஒருத்தன் டர்னருக்கு பாடம் எடுக்கறான். ஆனாலும் விடல. கெளம்பிப் போயிட்டார்.

அடுத்த சனிக்கிழமை காக்கி பேன்ட்ல வந்தார், என்கிட்ட பேச்சில்ல. நேரா லேத்துக்குப் போனவர் பொருளப் புடிச்சு சுத்தற சக்குல மாட்டியிருந்த சக் கீய, அத இறுக்கற சாவிய, கழட்டி என் சட்டைப் பாக்கெட்டுல போட்டார். முன்னாடி வேலை செஞ்ச பையன் அப்படியே விட்டுட்டுப் போயிருக்கான், ஸ்விட்ச்ச போட்டிருந்தா அது குண்டு மாதிரி பறந்திருக்கும். "வேட்டிய பாத்தீங்கல்ல, இதையும் பாருங்"ன்னு மட்டும் சொன்னார். இப்பெல்லாம் மாசம் ரெண்டு தடவ வர்றார், லேத் ட்யூட்டிய அவரே பாத்துக்கறேன்னு எடுத்துக்கிட்டார், பசங்க என்ன விட அவருக்குத்தான் பயப்படறாங்க.

போன வாரம் 8:45க்கு எக்ஸாஸ்ட் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு சாவிய எடுக்கறேன், ஒரு பொண்ணு த்ரீடி பிரின்டர்கிட்ட நின்னு "பத்து நிமிஷம்தாண்ணா, ப்ளீஸ்". ஸ்க்ரீன எட்டிப் பாத்தா மீதி 3 மணி 12 நிமிஷம்னு காட்டுது. ஆள் இல்லாம ஓடவிடக்கூடாதுங்கறதும் நான் எழுதி ஒட்டுனதுதான். வீட்டுக்கு ஃபோன் போட்டு எனக்கு தோசை ஊத்த வேண்டாம்னு சொல்லிட்டு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தேன்.