காபி இல்லாத டம்ளர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். டிவியில் ஏதோ ஒரு சேனலின் காலை நிகழ்ச்சி. மஞ்சள் சோபா, பின்னால் பிளாஸ்டிக் செடிகள், படுக்கையிலிருந்தே சிரித்துக்கொண்டு எழுந்து வந்ததுபோல இரண்டு பேர். அவர்களில் ஒருவர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடி, "ஆகா!" என்றார். அம்மா ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்.

"அதில் காபி இல்லை."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சூடான டம்ளரை யாராவது உள்ளங்கையால் அள்ளிப் பிடிப்பார்களா? விளிம்பைத்தானே பிடிப்பார்கள்?" என்றார். அடுத்த முறை அவர் டம்ளரைத் தூக்கியபோது நானும் கவனித்தேன். நிறைந்த டம்ளர் நிதானமாக எழும். இது துள்ளிக்கொண்டு எழுந்தது. டவராவில் திரும்ப வைத்தபோது 'ணங்' என்றது. காபி உள்ள டம்ளர் அப்படிக் கணீரென்று பேசாது.

இதை நான்தான் முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும். 2004 முதல் 2006 வரை, வேலூரில் ஓர் உள்ளூர் கேபிள் சேனலின் காலை நிகழ்ச்சியில் அந்தக் காலி டம்ளரைத் துடைத்து மேசைமேல் வைத்தவன் நான்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு. மரம் இல்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரை மறுபடி அமர்த்தியதும் கடைசிக் குறை தீர்ந்துவிட்டது. பட்டியலில் விழுந்த அந்த ஓட்டையை அடைக்கத்தான் 'காபி இல்லாத டம்ளர்' என்று நாங்கள் சேர்த்துக்கொண்டோம்.

தோட்டப்பாளையத்தில் ஒரு வீட்டின் மாடி. இரண்டே அறைகள். ஒன்றில் செட், இன்னொன்றில் படங்களை மாற்றிக் கலக்கும் மிக்சர், கேசட் ஓடும் டெக், டெலிபோன். நடுவில் கதவுக்குப் பதிலாக ஒரு கம்பளிப் போர்வை தொங்கும். என் வேலைக்குப் பெயர் கிடையாது. விடிகாலை நான்கரைக்கு எழுந்து காகிதப்பட்டறையிலிருந்து சைக்கிள் மிதித்து, நேதாஜி மார்க்கெட் வரை போய் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வருவதில் தொடங்கி, ஏழு மணிக்கு டெலிபோன் பக்கத்தில் உட்காருவது வரை எல்லாம் அதில் அடக்கம். பூ தினமும் வாங்கியதாகத்தான் கணக்கு. உண்மையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டாம் நாள் தண்ணீர் தெளித்துவிட்டால் திரையில் வித்தியாசம் தெரியாது.

டம்ளர் காலியாக இருந்ததற்குக் கஞ்சத்தனம் மட்டுமே காரணம் அல்ல. காலர் மைக் மார்பில் குத்தியிருக்கும்போது ஒரு வாய் உறிஞ்சினால், வீட்டில் கேட்பவர்களுக்கு மாடு கழுநீர்த் தொட்டியில் வாய் வைத்ததுபோல இருக்கும். தலைக்கு மேலே ஆயிரம் வாட் விளக்குகள் இரண்டு. அந்தச் சூட்டில் வைத்த காபி ஐந்தே நிமிடத்தில் ஆடை கட்டும். முதல் வாரம் உண்மையாகவே காபி வைத்தோம். ஆடை மேலுதட்டில் ஒட்டிக்கொள்ள, தொகுப்பாளினி அதோடு அன்றைய நல்ல நேரத்தைப் படித்து முடித்தார்.

சத்தம் பதிவாகும் என்பதால் மின்விசிறியும் கூடாது. மே மாதத்து வேலூரில், அடைத்த அறையில், விளக்கின் கீழே விசிறி இல்லாமல் உட்கார்ந்து "இனிய காலை வணக்கம்" என்று சொல்லிப் பார்த்தால்தான் அந்தச் சிரிப்பின் விலை தெரியும். செய்தி வாசித்தவர் மேலே டை கட்டியிருப்பார், கீழே கைலி. மேசை காப்பாற்றியது.

ஆடை விஷயத்தில் நாங்கள் பட்ட பாடு தனி. திரையில் பின்னணிப் படம் வருவதற்காகச் சுவரில் பச்சைத் துணி கட்டியிருந்தோம். பச்சை எங்கே தெரிகிறதோ அங்கே மிக்சர் படத்தை நிரப்பிவிடும். ஆடி வெள்ளியன்று தொகுப்பாளினி ஆசையாகக் கிளிப்பச்சைப் புடவையில் வந்து நின்றார். திரையில் கழுத்துக்குக் கீழே அகழித் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அடுத்த முறை கவனமாக ஆரணிப் பட்டு கட்டி வந்தார், பொடிக் கட்டம் போட்டது. நேரில் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பொடிக் கட்டமும் கேமராவுக்குள் இருக்கும் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதும். புடவை திரையில் எறும்புப் புற்றைப்போல ஊர்ந்தது.

வெள்ளைச் சட்டை இன்னொரு வினை. கேமரா வெளிச்சத்தைத் தானே அளந்து கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். வெள்ளையும் சொள்ளையுமாக ஒரு பிரமுகர் வந்து உட்கார்ந்தால் சட்டை பளிச்சென்று தெரியும், முகம் இருண்டுவிடும். அதற்காகக் கதவுக்குப் பின்னால் ஆணியில் சந்தன நிறச் சட்டை ஒன்று எப்போதும் தொங்கும். அதைப் போடாத விருந்தினர் குறைவு. ஒரு நாள் சாப்பிடும்போது அம்மா கேட்டார்: "வேலூரில் பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் ஒரே தையல்காரரா?"

அம்மாவை லேசில் ஏமாற்ற முடியாது. 1987 பிப்ரவரியில் தூர்தர்ஷன் காலை ஒளிபரப்பைத் தொடங்கும்வரை எங்கள் தெருவில் காலையில் டிவி என்ற பேச்சே கிடையாது. பெட்டி பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு மாலைவரை தூங்கும். பிறகு 1993 சித்திரை முதல் நாள் சன் டிவி வந்தது. போகப்போகக் காலையிலேயே தமிழில் சிரிக்கிற முகங்கள் கூடத்துக்குள் வந்துவிட்டன. அன்றிலிருந்து அம்மா ஏதாவது கைவேலை செய்துகொண்டேதான் பார்க்கிறார். பாதிக் கண்ணால் பார்ப்பவர்களுக்குத்தான் தவறுகள் முழுதாகத் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஒரு ஜூலை 10. 1806-இல் சிப்பாய்கள் விடியுமுன் எழுந்து கோட்டையைப் பிடித்த நாள். அதைப் பற்றிக் கோட்டைப் பூங்காவில் நின்று பேசும் காட்சியை நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வைத்தோம். "இந்த அதிகாலை வேளையில்..." என்று தொகுப்பாளினி உருக்கமாகத்தான் ஆரம்பித்தார். படம் பிடித்தது முந்தைய நாள் மாலை ஐந்தரைக்கு. வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "விடிகாலையில் யார் உட்கார்ந்து சுண்டல் தின்கிறார்கள்?" பின்னால் ஒரு குடும்பமே பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்ததை நாங்கள் நான்கு பேரும் பார்க்கவில்லை.

செட்டில் இருந்த சுவர்க் கடிகாரமும் அப்படித்தான். மதியம் மறுஒளிபரப்பு உண்டு என்பதால் பேட்டரியைக் கழற்றி ஏழு பத்தில் நிறுத்தியிருந்தோம். ஒரு பெரியவர் மெனக்கெட்டு அழைத்து, கடிகாரம் நின்றுபோயிருக்கிறது, லாங் பஜாரில் செல் மலிவு என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சமையல் பகுதியைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், முதலிலேயே சமைத்த கிண்ணம் மேசைக்கு அடியில் இருக்கும். எங்களுக்கு அதிலும் ஒரு சோதனை வந்தது. எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயே வேண்டும் என்று சமையல் செய்ய வந்த அம்மையார் அடம்பிடித்தார். பிற்பாடு, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே காய். காம்பிலும் அதைச் சுற்றிய தொப்பியிலும் முள். பழகிய கை வாகாகப் பிடிக்கும். தொகுப்பாளினி தக்காளியைப்போல லபக்கென்று எடுத்தார். முள் விரலில் ஏறிவிட்டது. நேரலை. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் நிறைந்தது. "வெங்காயம் கொஞ்சம் காரம்" என்று சமாளித்தார். வெங்காயத்தை இன்னும் நறுக்கவேயில்லை.

என் இடம் டெலிபோன். எங்கள் கேபிள் போகிற எல்லைதான் எங்கள் உலகம்: கொசப்பேட்டை, சலவன்பேட்டை, வேலப்பாடி, ஓட்டேரி, கொணவட்டம், பாலம் தாண்டினால் விருதம்பட்டு. அழைப்பவர்களிடம் நான் சொல்லும் முதல் வாக்கியம், "டிவி சத்தத்தைக் குறைத்துவிடுங்கள்." ஏன் என்று பலருக்குத் தெரியாது. பெரிய சேனல்களின் குரல் 36,000 கிலோமீட்டர் மேலே இருக்கிற செயற்கைக்கோளுக்குப் போய், அதே தூரம் இறங்கி வரும். ஏறக்குறைய கால் நொடி ஆகும். பேசுபவர் தன் குரலையே தாமதமாகக் கேட்டுத் தடுமாறுவார். எங்களுக்கு அந்தக் கால் நொடிகூடக் கிடையாது. குரல் கம்பியிலேயே போய்க் கொசப்பேட்டை டிவியில் பேசும், அது டெலிபோனுக்குள் புகுந்து எங்களிடமே திரும்பி வரும், சுற்றிச் சுற்றி ஒரே நொடியில் ஊளையாகிவிடும்.

மணியே அடிக்காத நாட்களும் இருந்தன. கேபிள் வழியில் கம்பத்துக்குக் கம்பம் இருக்கும் ஆம்பிளிஃபயர்கள் அந்தந்தத் தெருவின் மின்சாரத்தில்தான் ஓடும். ஒரு தெருவில் மின்சாரம் போனால், அதற்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் விளக்கு எரிந்தாலும் படம் வராது. அப்போது வருகிற ஒன்றிரண்டு அழைப்புகளும் பாட்டுக்காக வராது, திட்டுவதற்காக வரும். ஏழு ஐந்தாகியும் மணி அடிக்கவில்லை என்றால் நான் கீழே எஸ்டிடி பூத்துக்கு ஓடி, குரலைத் தடிப்பாக்கி, "வேலப்பாடியிலிருந்து சேகர் பேசுகிறேன்" என்பேன். மூன்றாவது முறை சேகர் பேசிவிட்டு மூச்சிரைக்க மாடியேறி வந்து உட்கார்ந்ததும் மணி அடித்தது.

"வணக்கம், எங்கிருந்து பேசுகிறீர்கள்?"

"காகிதப்பட்டறையிலிருந்து சேகருடைய அம்மா பேசுகிறேன். மூக்கு அடைத்திருக்கிறது போலிருக்கிறதே, கஷாயம் வைத்திருக்கிறேன். நேரத்தோடு வரச் சொல்லுங்கள்."

எதிர்வீட்டு போனிலிருந்து அழைத்திருந்தார். இணைப்பை நான் செட்டுக்குக் கொடுக்கவில்லை.

வழக்கமாக அழைப்பவர்களில் கஸ்பாவைச் சேர்ந்த ஒருவரை நாங்கள் 'கத்திரிக்கோல் அக்கா' என்று சொல்வோம். பீடி சுற்றுபவர். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசுவார். ஊறவைத்த இலையில் தகரத் துண்டை வைத்து அளவுக்கு வெட்டுகிற சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். சர்க், சர்க், ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி சர்க். பேச்சுக்காக அந்தக் கை ஒரு நாளும் நின்றதில்லை. அன்றைக்கு ஆயிரம் முடிய வேண்டுமே. எங்கள் நிகழ்ச்சியிலேயே ஒப்பனை இல்லாத சத்தம் அது ஒன்றுதான்.

ஒரு நாள் தொகுப்பாளினி வழக்கப்படி டம்ளரை உதட்டருகே கொண்டுபோனபடியே, "என்ன அக்கா, காபி ஆயிற்றா?" என்று கேட்டார்.

"பால்காரர் இன்னும் வரவில்லை கண்ணு. நீ குடி. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

சர்க், சர்க். தொகுப்பாளினி டம்ளரைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. நேயர் கேட்ட பாட்டு ஓடத் தொடங்கியதும் என்னைப் பார்த்து, "நாளைக்கு நான் வீட்டிலிருந்து காபி கொண்டுவருகிறேன், தம்பி. யாரிடமும் சொல்லாதே" என்றார்.

மறுநாள் பிளாஸ்க் வந்தது. முதலாளி ஒன்பது மணிக்கு முன் வரமாட்டார் என்ற துணிச்சல். நிகழ்ச்சி தொடங்கக் கால் நிமிடம் இருக்கும்போது ஊற்றினேன். பழக்கத்தில் முழுக்கையால் அள்ளியவர் சுரீரென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு முந்தானையை இரண்டாக மடித்து விளிம்பைப் பிடித்தார். சரியாக ஏழே காலுக்கு கஸ்பாவிலிருந்து அழைப்பு.

"இன்றைக்குக் காபி இருக்கிறது போலிருக்கிறதே, கண்ணு?"

ஹெட்போனில் கத்திரிக்கோல் சத்தம் இல்லை. கம்பி அறுந்துவிட்டதோ என்று நான் இரண்டு பித்தானையும் அழுத்திப் பார்த்தேன்.

"எப்படி அக்கா கண்டுபிடித்தீர்கள்?"

"முந்தானையால் பிடித்திருக்கிறாயே. இத்தனை நாளும் வெறுங்கையால்தானே பிடித்தாய்."

சர்க், சர்க் என்று மறுபடி ஓடத் தொடங்கியது.

விளம்பர இடைவேளையில் மீதி அரை டம்ளரை எனக்குக் கொடுத்தார். அதை ஏந்திக்கொண்டு போர்வையை விலக்கி உள்ளே நுழைந்தவன் மைக் வயரில் கால் தடுக்கினேன். காபி மிக்சர்மேல் போயிற்று. நல்ல சர்க்கரை. ஒரு படத்தை மறைத்து இன்னொரு படத்தைக் கொண்டுவருகிற நெம்புகோல் பாதி வழியில் ஒட்டிக்கொண்டது. அதன்பின் ஒரு வாரம் வேலூர் மக்கள் திருக்குறளுக்குப் பின்னால் மங்கலாகக் கத்திரிக்காயையும், ராசிபலனுக்குப் பின்னால் வானிலையையும் சேர்த்தே பார்த்தார்கள். முதலாளி ஒன்றும் கத்தவில்லை. ஸ்கெட்ச் பேனாவைக் கையில் கொடுத்து, "செட்டுக்குள் காபி, டீ, தண்ணீர் கூடாது" என்று என்னையே எழுதி ஒட்டச் சொன்னார்.

மேசைமேல் மறுபடி காலி டம்ளர். கத்திரிக்கோல் அக்கா அடுத்த நாளும் அழைத்தார். காபியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பாட்டு மட்டும் கேட்டார்.